டவுன் ஹாலும் நீர் காத்த புற்றும்

வே,

காலையில் மழை. என் மைக் செட் கடை வாசலில் கிடக்கும் பள்ளத்தை நிரப்பச் சொல்லி வெகு நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். நேற்று யாரோ ஒரு புண்ணியவான் ஒரு மாட்டுவண்டி இடிபாட்டு மண்ணைக் கொட்டிவிட்டுப் போயிருக்கிறான். நேற்றுவரை அது வெறும் குப்பை. இன்று நாலு தூறல் விழுந்ததும் வாசனை கிளம்பிவிட்டது. பழைய சுண்ணாம்பு நனைகிற வாசனை, அதற்கு அடியில் லேசாகக் கடுக்காயின் துவர்ப்பு. ஆம்ப்ளிஃபயரைத் துடைத்துக்கொண்டிருந்தவன் துணியைக் கீழே வைத்துவிட்டேன். அது நம் டவுன் ஹால் சுவர் என்று எனக்கு யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை.

அழுகை வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். எனக்குக் கோபம்தான் வந்தது. அதுவும் உம் மேல். நீர் போய் இன்னும் இரண்டு மாதம் ஆகவில்லை. செத்தவர் மேல் கோபப்படக் கூடாது என்று என் வீட்டுக்காரி சொல்கிறாள். உயிரோடு இருந்தபோது நீர் என்னைப் பேச விட்டீரா? ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த ஆளிடம் நான் சத்தம் போட முடியுமா? அதனால் இப்போது போடுகிறேன். குறுக்கே பேச உம்மால் முடியாது. உட்கார்ந்து கேளும்.

கடைத்தெருவில் உம்மை நான் "அண்ணாச்சி" என்றுதான் கூப்பிட்டேன். நீர் இரும்புக் கடை முதலாளி, பெரிய குடும்பம், உம் ஆட்கள் நாலு பேர் சுற்றி நிற்பார்கள். என் அப்பாவோ சுவாமி ஊர்வலத்துக்கும் மாப்பிள்ளை அழைப்புக்கும் தலையில் காஸ் லைட் தூக்கினவர். ஒரே பெஞ்சில் படித்தோம் என்பதற்காக ஊர் நடுவில் உம்மை "வே" என்று கூப்பிட்டுவிட முடியாது. ஆனால் சாயங்காலம் டவுன் ஹால் படியில் உட்கார்ந்துவிட்டால் நீரும் வே, நானும் வே. கடை அடைத்ததும் நீர் கடலைப் பொட்டலத்தோடு வருவீர். இருபது வருஷத்துப் பேச்சு அந்தப் படியில் கிடந்தது. இந்த மடலிலும் அந்தப் படியில் பேசிய மாதிரிதான் பேசப் போகிறேன்.

அந்த ஹாலின் கதையை எனக்குச் சொன்னதே நீர்தான். உம் தாத்தா காலத்துப் பஞ்சு வியாபாரிகளும் வத்தல் மண்டிக்காரர்களும் ஊரெல்லாம் வரி பிரித்துக் கட்டியது. சீமையில் யாரோ ஒரு ராஜாவுக்கு முடி சூட்டினார்களாம், அதற்குச் சங்கரன்கோவிலில் ஒரு மண்டபம். முன்பக்கம் ஐந்து வளைவு. வளைவைத் தாங்க உருண்டைத் தூண்கள், இரண்டு ஆள் சேர்ந்து கட்டிப்பிடித்தால்தான் கை எட்டும். வளைவுக்கு மேலே நெற்றியில் ஒரு கிரீடம், அதற்கு இரண்டு பக்கமும் சிங்கம். கொத்தனார் சிங்கத்தைக் கண்டாரா பாவம். தாலுகா கச்சேரிக் காகிதத்தில் இருந்த முத்திரையைக் காட்டி, இதைச் செய் என்று சொல்லியிருக்கிறார்கள். அவர் தெருவில் படுத்திருந்த நாயைப் பார்த்துப் பிடரி வைத்துவிட்டார். சுதந்திரம் வந்ததும் ராஜா கிரீடம் எதற்கு என்று அதைக் கொத்திக் கலசமாக்கினார்கள். நாய் இரண்டையும் யாரும் தொடவில்லை. "வெள்ளைக்காரன் போயிட்டான், காவல்நாய் மட்டும் போகமாட்டேங்கு" என்று நீர் சொல்லிச் சிரிப்பீர்.

உள்ளே நுழைந்தால் நடுவில் ஒரு தூண் கிடையாது. சுவர் ஒரு முழத்துக்கு மேல் கனம். தலைக்கு ரொம்ப உயரத்தில் வரிசையாகச் சின்ன ஜன்னல்களாய் வெளிச்சக் கண்கள், சித்திரை வெயிலிலும் வெக்கை அது வழியாக மேலே ஏறிப் போய்விடும். மேல்தளத்துக்குத் தேக்கு உத்திரம், அதன்மேல் குறுக்குக் கட்டைகள், அந்தக் கட்டைகளின் மேல் சின்னச் செங்கல்லைச் சாய்த்துக் குத்தி நிறுத்தி, கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் விட்டு அரைத்த சுண்ணாம்பை இடித்து இடித்து இறக்கியிருந்தார்கள். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பாட்டுப் பாடிக்கொண்டே அந்தத் தளத்தைத் தட்டினார்கள் என்று உம் தாத்தா சொன்னாராம். வரிப்பணம் பாதியில் வற்றிவிட்டதால் உத்திரம் மட்டும் தேக்கு, குறுக்குக் கட்டைகள் நாட்டு மரம். இதையும் எனக்குச் சொன்னது நீர்தான். அதாவது அந்தக் கட்டடத்துக்கு எந்த இடத்தில் பலம் குறைவு என்று இந்த ஊரில் சொல்லத் தெரிந்த ஒரே ஆள் நீர். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளும், திரும்ப இதற்கு வருகிறேன்.

என் பிழைப்பைக் கெடுத்த கட்டடம் அது ஒன்றுதான். மேடையில் நின்று சாதாரணமாகப் பேசினால் வாசல் வளைவில் நிற்பவனுக்குக் கேட்கும். ஆனாலும் மைக் இல்லாமல் கூட்டம் நடத்தினால் கௌரவம் என்ன ஆவது? கூப்பிடுவார்கள். நான் போய் மைக்கை நட்டுவிட்டு வால்யூமை மூடி வைத்துவிடுவேன். பேசினவர்கள் இறங்கி வந்து "செட் பிரமாதம்" என்று கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போவார்கள். நீர் படியில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பீர்.

பணம் வற்றியதில் இன்னொன்றும் நடந்தது. நாற்காலி வாங்கவில்லை. அதனால் அந்த ஹாலில் முதல் நாளிலிருந்து ஜமக்காளம்தான். மேடையில் இருக்கிற சிறப்பு விருந்தாளிக்கு எங்கிருந்தாவது ஒரு நாற்காலி இரவல் வரும். மற்றபடி பண்ணையாரும் தரைதான், காஸ் லைட் தூக்குகிறவனும் தரைதான். யாரும் திட்டம் போட்டுச் செய்ததில்லை. இந்த ஊர் தெரிந்து செய்திருந்தால் அப்படிச் செய்திருக்காது.

நம் ஊரில் ஆளுக்கொரு மண்டபம். உங்கள் ஆட்களுக்கு ஒன்று, மேலத்தெருக்காரர்களுக்கு ஒன்று, நெசவுக்காரர்களுக்கு ஒன்று. நான் நுழையாத மண்டபம் கிடையாது. வயர்ச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு முன்வாசல் வழியாகவே போவேன். பந்தலில் குழாய் கட்டுவேன், மணவறைக்குப் பக்கத்தில் மைக் வைப்பேன். "சாப்பிட்டாச்சா?" என்று அன்பாகத்தான் கேட்பார்கள். இலை மட்டும் பின்வாசலில் போடுவார்கள். எங்கள் ஆட்கள் ஊரில் நாலைந்து வீடு. நாங்கள் என்றைக்கு மண்டபம் கட்டுவது? எங்களுக்கு இருந்தது டவுன் ஹால். யாரிடமும் போய்த் தலையைச் சொறியாமல், ஹால் கமிட்டியில் பேரைக் கொடுத்து, சாவியை வாங்கித் திறக்கக்கூடிய ஒரே கதவு.

என் கல்யாணம் அங்கேதான் நடந்தது. அன்று ஜமக்காளத்தை உதறி விரித்தது நீர். முன்வரிசையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்த என் அப்பா, கல்யாணம் முடிகிறவரை எழுந்திருக்கவே இல்லை. கால் மரத்துப்போய்விட்டது, தூக்கித்தான் விட்டோம். விளக்கு தூக்காமல் அவர் உட்கார்ந்து பார்த்த முதல் கல்யாணம் அது. என் பெரியவளுக்கும் இங்கேதான் என்று அவள் பிறந்த அன்றே உம்மிடம் சொன்னேன். "அதுக்கும் ஜமக்காளம் நான்தான்வே விரிப்பேன்" என்றீர். இதை மறந்திருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வராது.

புற்றை முதலில் பார்த்தவன் நான். மேடைக்குப் பின்னால் வேஷம் கட்டுகிற அறையில், வடகிழக்கு மூலையில், வயர் இழுக்கக் குனிந்தபோது கண்ணில் பட்டது. சுவரோடு ஒட்டி ஒரு சாண் உயரத்துக்கு ஈர மண். தட்டிப் பார்த்தேன், வெள்ளை வெள்ளையாகக் கரையான் ஓடியது. நேராக உம் கடைக்கு வந்தேன். நீர் அப்போது ஹால் கமிட்டிச் செயலாளர். டார்ச் லைட்டோடு வந்தீர், குந்தவைத்துப் பார்த்தீர், சுவரில் விரலை ஓட்டினீர். மண் கோடு ஒன்று அப்போதே சுவரில் ஏற ஆரம்பித்திருந்தது. "குறுக்குக்கட்டை நாட்டு மரம்லா. ஏறுனா தாங்காதுவே. நாளைக்கு ஆள் விடுதேன்" என்றீர். உம் வாயால் சொன்னது இது.

மறுநாள் ஆள் வரவில்லை. அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை நான் போய்ப் பார்த்தபோது புற்றுக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தது. ஒரு சின்ன மஞ்சள் துணி சுற்றியிருந்தது. முன்னால் ஒரு முட்டை, கிண்ணத்தில் பால்.

வேறு எந்த ஊராக இருந்தாலும் மண்வெட்டியால் ஒரு போடு போட்டு, மருந்தை ஊற்றிவிட்டு, வேலையைப் பார்த்திருப்பார்கள். நம் ஊரில் அது நடக்குமா? அம்பாள் கோயில் புற்றுமண்ணைத் தண்ணீரில் குழைத்துத் தேய்த்துத்தான் நாம் எல்லாரும் வளர்ந்தோம். சிரங்கு வந்தாலும் புற்றுமண், காய்ச்சல் வந்தாலும் புற்றுமண். நானும் நெற்றியில் இட்டுக்கொள்கிறவன்தான், இன்றும். கோயில் புற்று கோயிலில் இருக்கிறது, யார் வேண்டாம் என்றது? அதற்காகக் கரையான் எங்கே மண்ணைக் கக்கினாலும் அங்கேயெல்லாம் அம்பாள் வந்துவிட்டாளா? இதை உம்மிடம் கேட்டேன். நீர் கடலைத் தோலை ஊதிக்கொண்டிருந்தீர்.

குங்குமம் வைத்தது யார் என்று எனக்குத் தெரிய அதிக நாள் ஆகவில்லை. மறு வெள்ளி உம் வீட்டம்மா உம் இளையவளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அந்தப் பிள்ளைக்குக் கரப்பான். கழுத்திலும் முழங்கை மடிப்பிலும் சொறிந்து சொறிந்து ரத்தம் கட்டியிருக்கும். திருநெல்வேலி டாக்டர், நாட்டு வைத்தியர், எல்லாரிடமும் நீங்கள் தூக்கிக்கொண்டு அலைந்தது எனக்குத் தெரியும். அந்தப் புற்று முளைத்த விஷயம் நீர் வீட்டில் போய்ச் சொன்னதுதான். அன்றைக்கே உம் வீட்டம்மாவுக்குக் கனவு வந்திருக்கிறது. அம்பாள் நம்மைத் தேடி ஹாலுக்கு வந்திருக்கிறாள் என்று நேர்ந்துகொண்டுவிட்டார்கள். இரண்டு மூன்று மாதத்தில் பிள்ளைக்குத் தோல் ஆறிற்று. மண்ணால் ஆறியதோ, டாக்டர் களிம்பால் ஆறியதோ, வயது ஏறி ஆறியதோ, எனக்குத் தெரியாது. ஆறியது, அது சந்தோஷம். ஆனால் அன்றோடு ஊருக்குச் சேதி பரவிவிட்டது.

அதற்குப் பிறகு ஹாலில் கூட்டம் வால்யூம் மூடிய மைக்குக்கு வரவில்லை, மூலைக்குத்தான் வந்தது. மணி தொங்கிற்று. உண்டியல் வந்தது. வெள்ளிதோறும் குடம் குடமாகத் தண்ணீரும் பாலும் சுவரடியில் ஊற்றினார்கள். ஊற்றின ஈரத்தில் புற்று என் இடுப்புக்கு வந்தது. மண் கோடு சுவரில் ஆள் உயரம் தாண்டியது. கரையானுக்குப் பால் வார்த்து வளர்த்த ஊர் இந்த உலகத்திலேயே நம் ஊர் ஒன்றாகத்தான் இருக்கும்.

அப்போது ஒரு சாயங்காலம் படியில் வைத்து நான் சொன்னேன். ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துக் கடப்பாரையை எடுத்து நானே இடித்துவிடுகிறேன், ஊற்றின தண்ணீரில் கரைந்துவிட்டது என்று நீர் சொல்லிவிடும் என்றேன். நீர் கடலையைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்தீர்.

"நான் பாத்துக்கிடுதேன்வே. கமிட்டில வச்சு முறைப்படி எடுத்துருவோம். என்னைக் கேக்காம கைய வைக்க மாட்டேன்னு வாக்குக் குடும்" என்றீர்.

கொடுத்தேன். உம் பேச்சை நம்பித்தான் கொடுத்தேன்.

கமிட்டி கூடிய அன்று நானும் அங்கே இருந்தேன், மைக் வைக்க. ஓய்வுபெற்ற ஓவர்சியர் ஒருவரை நீர்தான் வரவழைத்திருந்தீர். அவர் ஏணி போட்டு ஏறிப் பார்த்துவிட்டு வந்து தெளிவாகச் சொன்னார். மேடைப் பக்கத்துக் குறுக்குக் கட்டைகளில் செல்லரிக்க ஆரம்பித்துவிட்டது, புற்றை எடுத்து, மருந்து விட்டு, பத்துப் பன்னிரண்டு கட்டை மாற்றினால் இன்னும் நூறு வருஷம் நிற்கும் என்றார். கமிட்டிக்காரர்கள் எல்லாரும் உம் முகத்தைப் பார்த்தார்கள். நீர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். பாதிப் பேர் உம் கடையில் கடன் வைத்திருக்கிறவர்கள், மீதிப் பேர் உம் சொந்தக்காரர்கள். நீர் எழுந்து நின்றீர். நான் அன்றைக்கு மட்டும் வால்யூமைத் திறந்து வைத்தேன், தெருவுக்கும் கேட்கட்டும் என்று.

"புத்த தொட வேண்டாம். சுத்தி ஒரு சுவர் வச்சு, கம்பிக் கதவு போட்டு, தனியாக்கிருவோம். சாமி பாட்டுக்குச் சாமி, ஹால் பாட்டுக்கு ஹால்" என்றீர்.

தெருவுக்கும் கேட்டது. வெளியே பெண்கள் குலவை போட்டார்கள்.

கரையான் உம் கம்பிக் கதவைப் பார்த்துத் திரும்பிப் போய்விடுமா வே? இரும்பு விற்கிற புத்தியில் கம்பிக் கதவு போட்டீரோ? வெளிச்சமும் காற்றும் பட்டுக்கொண்டிருந்த மூலையை நாலு பக்கமும் அடைத்து, இருட்டாக்கி, உள்ளே தினமும் பாலும் தண்ணீரும் ஊற்ற வழி செய்தீர். சீராட்டி வளர்க்க வேண்டும் என்று நினைத்திருந்தாலும் இதைவிட நன்றாகச் செய்திருக்க முடியாது. அதோடு அது புற்றில்லை, கோயில். அதுவரைக்கும் ஒரு கடப்பாரை போதும். அதற்கப்புறம் கை வைத்தால் கோயிலை உடைத்தவன். என் வாக்குக்கும் வேலை இல்லாமல் போயிற்று.

அன்று படியில் நீர் எனக்காகக் காத்திருந்தீர். "பிள்ளைக்கு மறுபடி வந்துருச்சுன்னா வீட்டுல என்னைச் சும்மா விடுவாளாவே?" என்று ஆரம்பித்தீர். உங்களுக்கு மண்டபம் இருக்கு அண்ணாச்சி, நீங்க எதை வேணும்னாலும் விட்டுக் குடுப்பீங்க என்று சொல்லிவிட்டு நான் நடந்தேன். அந்தப் படியில் உம்மை அண்ணாச்சி என்று நான் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. உம் முகம் செத்துப்போயிற்று. சாகட்டும் என்றுதான் இருந்தது எனக்கு.

அப்புறம் சில வருஷம் நாம் கடைத்தெருவில் அண்ணாச்சியும் மைக் செட்டுமாகத்தான் இருந்தோம். என் பெரியவளுக்கு இளையரசனேந்தல் பக்கம் மாப்பிள்ளை அமைந்தது. ஆவணியில் கல்யாணம். கமிட்டியில் பேர் கொடுத்து, சாவிக்குச் சொல்லி, பத்திரிகையும் அடித்தாயிற்று. "இடம்: டவுன் ஹால்" என்று கொட்டை எழுத்தில். என் அப்பா இல்லை, அவர் உட்கார்ந்த சுவரடியில் சம்பந்தியை உட்கார வைக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன்.

ஆடித் தபசுக்கு வந்த கூட்டம் அந்த வருஷம் ரொம்ப அதிகம். கோயிலில் கும்பிட்டுவிட்டு வந்தவர்கள் ஹால் புற்றுக்கும் வந்து ஊற்றினார்கள். திருவிழா முடிந்து ஊர் ஓய்ந்து கிடந்த ஒரு மத்தியானம், எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரம், பெரிய சத்தம் கேட்டது. ஓடினேன். மேடைக்கு மேலே வானம் தெரிந்தது. குறுக்குக் கட்டைகள் பொடிப்பொடியாகக் கிடந்தன, கையில் எடுத்தால் உமி. தேக்கு உத்திரம் மட்டும் அப்படியே அந்தரத்தில் நின்றது. நல்ல வேளை, ஆள் யாரும் இல்லை. கம்பிக் கதவுக்குள் புற்றுக்கு ஒரு கீறல் கிடையாது. அதையும் ஒரு அதிசயம் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

நீர் அன்று சாயங்காலமே என் வீட்டுக்கு வந்தீர். எவ்வளவோ வருஷத்துக்குப் பிறகு. எங்கள் மண்டபத்தைக் கேட்டுவிட்டேன், தருகிறார்கள் என்றீர். சமையலுக்கு மட்டும் உங்கள் ஆட்கள் வேண்டாம், எங்கள் தவசுப்பிள்ளையே சமைத்துவிடுவார், பாத்திரம் புழங்குவதில் பெரியவர்கள் கொஞ்சம் பார்க்கிறார்கள் என்றீர். இதைச் சொல்லும்போது உம் கண் தரையில் இருந்தது. அந்த மட்டுக்கும் உமக்குச் சூடு சொரணை இருந்தது. நான் எழுந்து கதவைக் காட்டினேன்.

என் மகள் கல்யாணம் எங்கள் வீட்டு வாசலில் நடந்தது. சாக்கடைக்கு மேல் பலகை போட்டு, அதன்மேல் பந்தல். பந்தி நடக்கும்போது பஸ் வந்தால் பாதி ஜனம் எழுந்து வழிவிட்டது. சம்பந்தி நல்ல மனுஷர், ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நீர் வந்தீர். ஜமக்காளம் எங்கே என்று கேட்டு வாங்கி, பலகைமேல் விரித்தீர். பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டீர். உங்கள் ஆட்களில் வந்து கை நனைத்தது நீர் ஒருவர்தான். அதையும் சொல்லத்தான் வேண்டும். நான் உம்மை "வாரும்" என்று கேட்கவில்லை.

கட்டடம் மேற்கொண்டு ஆகாது என்று முடிவாயிற்று. கடைகள் கட்டப்போகிறார்கள் என்றதும் ஊரில் எவ்வளவு சுறுசுறுப்பு. அப்போது புற்றுக்கு என்ன ஆயிற்று? இதுதான் என்னால் இந்த ஜன்மத்தில் செரிக்க முடியாதது. ஒரு நல்ல நாள் பார்த்தார்கள். ஒரு தேங்காய் உடைத்தார்கள். சூடம் காட்டி, "தாயே, உன் இடத்துக்கே போ" என்று வேண்டிக்கொண்டு, ஒரு கைப்பிடி மண்ணை மஞ்சள் துணியில் முடிந்து கோயிலுக்குக் கொண்டுபோனார்கள். கொண்டுபோனது உம் வீட்டம்மாதான். மீதியை நாலு கூலியாட்கள் காப்பி குடிக்கிற நேரத்துக்குள் வெட்டி அள்ளிவிட்டார்கள். உள்ளே பாம்பும் இல்லை, பாம்புச் சட்டையும் இல்லை. அதே தேங்காயை, அதே சூடத்தை, புற்று ஒரு சாணாக இருந்தபோது காட்டியிருந்தால் என்ன வே? கடை கட்டுவதற்கு அம்பாள் உத்தரவு கொடுத்தாள், ஹாலைக் காப்பாற்ற மட்டும் கொடுக்கமாட்டாளா? கரையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்தது என்பார்கள். இங்கே புற்றையும் ஊர் எடுத்தது, குடியும் வேறு எவனோ புகுந்தான்.

அந்த நாய்ச்சிங்கத்தை இறக்கும்போது நீர் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தீர். நான் இந்தப் பக்கம். நடுவில் லாரி போய்க்கொண்டிருந்தது.

பிறகு நீர் படுத்துவிட்டீர். பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்கு நான் வந்தது சமாதானத்துக்காக இல்லை. கேட்க வேண்டியது ஒன்று பாக்கி இருந்தது, அதற்காக வந்தேன். உம் வீட்டம்மா காப்பி வாங்கப் போன நேரம் பார்த்துக் கேட்டேன்.

"உமக்கு வீட்டை மீற முடியல. சரி. எனக்கு அது புரியும். அப்புறம் எதுக்குவே என்ட்ட வாக்கு வாங்குனீரு?"

நீர் கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டீர்.

"வாங்கலன்னா இடிச்சிருப்பீரு."

"ஆமா. இடிச்சிருப்பேன். ஹால் நின்னுருக்கும்."

"நீரு நின்னுருக்க மாட்டீருவே. நான் இடிச்சா ஊர்க்காரன் பைத்தியாரன்னு ரெண்டு நாள் ஏசிட்டு விட்டுருவான். நீரு இடிச்சா உம்ம ஆளுக வீட்டுல ஒரு கூரை மிஞ்சுமா? அதான் வாங்குனேன்" என்றீர். சொல்லிவிட்டு, பெரிய பாரத்தை இறக்கி வைத்தவர் மாதிரி கண்ணை மூடிக்கொண்டீர். நான் உமக்கு நன்றி சொல்வேன் என்று எதிர்பார்த்தீரோ என்னவோ. காப்பி வந்துவிட்டது. நான் எழுந்து வந்துவிட்டேன். அதற்குப் பிறகு உம்மைப் பார்த்தது தோளில் தூக்கிப் போகும்போதுதான்.

அன்றிலிருந்து இதே யோசனையாக இருக்கிறது. நீர் சொன்னது பொய் இல்லை. இந்த ஊர் எனக்கும் தெரியும், உம்மைவிட நன்றாகத் தெரியும். என்னையும் என் ஆட்களையும் நீர் காப்பாற்றினீர். நாலைந்து வீட்டுக் கூரையும் பத்திரமாக இருக்கிறது. ஆனால் யாரைக் கேட்டுக் காப்பாற்றினீர்? உமக்கு ஆபத்தில்லாத வேலையை நீர் செய்யவில்லை. ஆபத்தைத் தெரிந்துகொண்டே செய்யத் துணிந்தவன் கையையும் நீர் கட்டிப்போட்டீர். எங்கள் அடியை எங்களுக்காக நீரே கணக்குப் பார்த்து, வேண்டாம் என்று முடிவும் கட்டி, அதை என்னிடம் சொல்லக்கூட இல்லை. உங்கள் மண்டபத்துப் பெரியவர்கள் பின்வாசலில் இலை போடும்போதும் எங்களைக் கேட்டுப் போடுவதில்லை. அவர்கள் யாரோ. நீர் என் வே அல்லவா?

என் கடைசி மகளுக்கு வருகிற தையில் முகூர்த்தம் பார்த்திருக்கிறோம். பத்திரிகை அடிப்பவர் வந்து, இடம் என்ன போட வேண்டும் என்று கேட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார். உள்ளே என் வீட்டுக்காரி, அண்ணாச்சி மகனிடம் கேட்டால் அவர்கள் மண்டபத்தை இப்போது தருவார்களாம், சமையல் கட்டுப்பாடெல்லாம்கூட இப்போது இல்லையாம் என்கிறாள். கேட்க மாட்டேன்.

ஒரே ஒரு தடவை, அந்தப் படியில் வைத்து, "இடியும்வே" என்று சொல்லியிருக்கலாம். இடித்திருப்பேன். அடி வாங்கியிருப்பேன், கூரையைக்கூடப் பறிகொடுத்திருப்பேன். வாங்கிக்கொண்டு, கட்டுப் போட்ட கையோடு என் ஹாலில் உட்கார்ந்திருப்பேன்.